கனியின் தோள்பாரம்

மாசி 4, திங்கள்

எனக்கு எழுத்து கிடையாது. எந்தத் தாளானாலும் பெருவிரல்தான். கனிக்கு ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறுகிறவரை அன்றாடம் நடப்பதைக் குறித்து வைக்கும்படி ஆஸ்பத்திரியில் ஜெபராணி சிஸ்டர் சொல்லிவிட்டார். வலி எப்படி, காய்ச்சல் உண்டா, என்ன சாப்பிட்டாள், அந்த மாதிரி. என் தங்கச்சி கோமுவின் மருமகள் போனில் மைக் படத்தைக் காட்டி, இதை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்றாள். பிழை இருந்தால் அவள் பிறகு திருத்துவாளாம். ஆகவே அவள் படிக்கக்கூடாததை நான் பேசப்போவதில்லை.

என் பெயர் பலவேசம். ஆலங்குளத்துக்குப் பக்கம் ஊர். மரக்கடையில் சுமை தூக்கியவன். என் மகள் சுயம்புக்கனிக்கு நாற்பது வயது. என்னோடுதான் இருக்கிறாள். பீடி சுற்றுகிறாள்.

ஆபரேஷன் எதற்கு என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை. நெஞ்சுப் பாரம். பெரியவளான நாளிலிருந்தே அவளுக்கு அந்த இடம் கனம். வயது ஏற ஏறக் கனம் கூடிவிட்டது. கழுத்து வலி, முதுகு வலி, விரல்கள் மரத்துப்போவது, வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண். தோள் இரண்டிலும் உள்பாடிப் பட்டை அழுத்திப் பள்ளம் விழுந்திருக்கிறது. அது நானே கண்ணால் பார்த்தது. மூட்டை தூக்குகிறவனுக்குக்கூட அவ்வளவு ஆழமாகத் தழும்பு விழாது.

எத்தனை வைத்தியம். எலும்பு டாக்டர் கழுத்துக்குப் பட்டை போட்டார். வர்ம வைத்தியர் எண்ணெய் கொடுத்தார், பச்சைக் குப்பி, மூடிக்குத் துணி அடைத்திருந்தது. ஒருத்தர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். கனி ஒருவேளைச் சோற்றை விட்டாள். முகம்தான் வற்றியது. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாதான், இது கழுத்து நோய் இல்லை, பாரத்தைக் குறைத்தால் வலி குறையும் என்றார். படம் எடுத்துப் பார்த்துக் கட்டி கிட்டி எதுவும் இல்லை என்றும் சொன்னார். கனி கோமுவிடம் சொல்லி, கோமு நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

தெருவில் கேட்டவர்களிடம் கழுத்தில் ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாசி 6, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நாளைக் காலையில் ஆபரேஷன். பெண்கள் வார்டுக்குள் என்னை விடமாட்டார்கள். கோமு உள்ளே, நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். வாசல் கதவுக்கு மேல்பாதி கிடையாது. பேசுவது எல்லாம் கேட்கும்.

சிஸ்டர் வந்து கனியிடம் விளக்கமாகப் பேசினார். கொழுப்பையும் சதையையும் கொஞ்சம் எடுத்துவிட்டு மீதியை மேலே தூக்கித் தைப்பார்கள். காம்பைச் சுற்றியும், அதிலிருந்து நேர்கீழேயும், அடிமடிப்பிலும் தழும்பு நிற்கும். வருஷம் போனால் மங்கும், அழியாது. உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. இனிமேல் பிள்ளை பெற்றால் பால் கொடுக்க முடியாமல் போகலாம். இரண்டு பக்கமும் அச்சு வைத்தாற்போல ஒன்றாக இருக்காது. எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவார்கள், அதைக் கேட்டுப் பயப்படக்கூடாது, எல்லோருக்கும் செய்வதுதான்.

எல்லாவற்றுக்கும் கனி, சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்றாள். பிள்ளை விஷயத்துக்கு மட்டும், "அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு சிஸ்டர்" என்றாள்.

பிறகு சிஸ்டர் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். "ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துவேன். ஒண்ணுகூடக் குடிச்சதில்ல" என்றாள் கனி. அவளும் சிரித்தாள். சிஸ்டரும் சிரித்துக்கொண்டே, காம்புக்கு ரத்தம் போகிற வழியை ஒரு சின்னத் தண்டு அளவுக்குத்தான் விட்டு வைப்பார்கள், புகை பிடிக்கிறவர்களுக்கு அந்த ரத்தக்குழாய் சுருங்கிப்போய் அந்த இடம் கருத்து அழுகிவிடும், அதற்காகத்தான் கேட்டேன் என்றார்.

கனி பொய் சொல்லவில்லை. பீடி குடித்ததில்லை.

சாயங்காலம் கோமு வெளியே வந்து, கனிக்குப் படபடப்பாக இருக்கிறது, ஒரு வெற்றிலை போட்டால் தேவலை என்கிறாள் என்றாள். கனிக்கு வெற்றிலை என்றால் புகையிலை இல்லாமல் கிடையாது. பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் பசி தெரியாமல் இருக்க இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கோமு கையை நீட்டினாள், வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாசி 7, வியாழன்

ஆபரேஷன் நடக்கவில்லை.

காலையில் டாக்டரம்மா கனியை நிற்கவைத்து உடம்பில் ஊதா மையால் கோடு போட்டார். எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று. படுத்தால் சதை சரியும், நின்றால்தான் கணக்குச் சரியாக வருமாம். வெளியே வந்து சொன்ன கோமுவுக்குக் கண் கலங்கியிருந்தது. "பிள்ள சுவரப் பாத்து நிக்கா அண்ணே."

எனக்கு மரக்கடைச் சுப்பையாவின் நினைவு வந்தது. என்னோடு சுமை தூக்கியவன். வாயில் பீடி அணையாது. ஐப்பசி மழையில் அவன் கால் கட்டைவிரல் கருக்கத் தொடங்கியது. கார்த்திகையில் விரலை எடுத்தார்கள், தையில் பாதத்தை எடுத்தார்கள். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த டாக்டரும் இதே வார்த்தைதான் சொன்னார். ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு.

சக்கர நாற்காலியில் கனியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது மறித்துச் சொல்லிவிட்டேன். "சிஸ்டர், இவ பொயிலை போடுவா. நேத்து சாயங்காலமும் போட்டா."

சிஸ்டர் நாற்காலியை நிறுத்தினார். கனி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. புகைத்தால் என்ன, மென்றால் என்ன, ரத்தத்தில் போய்ச் சேர்வது ஒன்றுதான், அதைக் கேட்காமல் விட்டது எங்கள் தப்பும்தான் என்றார். ஆறு ஏழு வாரம் அறவே விட்டுவிட்டு வரவேண்டும். பீடித் தூளிலும் கை வைக்கக்கூடாது, தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் ஏறும். பங்குனிக் கடைசியில் தேதி கொடுத்தார்.

யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் கனி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊர் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி நடந்துவிட்டாள். முன்போல் கூன் போட்டுத்தான் நடந்தாள், முந்தானையை இழுத்துப் பிடித்தபடி.

மாசி 9, சனி

கனி குளிக்கவில்லை. தண்ணி காய்ந்திருக்கிறது, போய்க் குளி என்று கோமு சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும் அத்தை" என்று மட்டும் பதில்.

மையை அழிக்க மனசில்லை என்று எனக்குப் பட்டது. வாய் விட்டுக் கேட்டுவிட்டேன். "ஏளா, இன்னும் ரெண்டு மாசந்தானே. பொறுக்கக்கூடாதா?"

அவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். "ஒங்களுக்கு என்னய்யா. மூட்டைய எறக்கி வச்சிட்டு டீ குடிக்கப் போவிய. நான் எங்க எறக்கி வைக்க? பன்னெண்டு வயசுலருந்து ஒறங்கையிலும் சேத்துத் தூக்கிட்டு அலையுதேன். வெளிய சொல்லி அழ முடியாத பாரம் இது. கோடு போட்டு, ஊசி போட்டு, வாசல் வரைக்கும் கொண்டுபோயி..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். குரல் எழும்பவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கொல்லையில் சாக்கடைத் தண்ணீர் ஊதாவாகப் போயிற்று.

மாசி 14, வியாழன்

பீடிக் கடையில் வாராவாரம் சுற்றின பீடியைப் போடாவிட்டால் தொழிலாளி கார்டு போய்விடும். கார்டு போனால் அவளுக்கு வேறு பிடிப்பு இல்லை. கோமுவுக்குப் பார்வை போதாது. ஆகவே பின்கொட்டகையில் தட்டை எடுத்து நான் உட்கார்ந்தேன். தூள் வீட்டுக்குள் வராது.

மூட்டை தூக்கின விரல். இலை கிழிகிறது, நூல் நழுவுகிறது. வாய்ப்பக்கம் பெருத்துப் போகிறது. கடையில் செக்கர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பீடியா, பல்லு வெளக்க ஒடிச்ச குச்சியா?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாதிக்கு மேல் கழித்துப்போட்டார்.

திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. ஐந்து நாளைக்கு அப்புறம் கனி பேசிய முதல் பேச்சு: "எலைய நனைச்சியளா?"

நனைக்கவில்லை.

"நனைச்சு ஈரத்துணியில சுத்தி வைக்கணும். பொறவு வெட்டணும்." தள்ளி நின்றே சொன்னாள். மூக்கைச் சேலையால் பொத்தியிருந்தாள்.

மாசி 22, வெள்ளி

புகையிலை விட்டதில் கனிக்குத் தலைவலி, எரிச்சல். கிராம்பை வாயில் அடக்கிக்கொள்கிறாள். பொரிகடலையை அள்ளி அள்ளித் தின்கிறாள். நேற்று கோமுவோடு சண்டை, ரசத்தில் உப்பு என்று. அவள் முன்னால் மெல்லக்கூடாது என்று நானும் விட்டுவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் சீனி வாங்கக் கடைக்குப் போய்வந்தேன்.

மாசி 24, ஞாயிறு

சீனி வாங்கப் போனேன். வீட்டில் மூன்று பொட்டலம் சீனி இருக்கிறது என்று கனி சொன்னாள்.

பங்குனி 3, செவ்வாய்

கோமுவுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஆண்டவன் கொடுத்ததை ஏன் வெட்டிப் போடவேண்டும், நாற்பது வயதில் யாருக்காக என்று ஆரம்பித்தாள்.

கனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "யாருக்காவவும் இல்ல அத்தை. நிமுந்து நடந்து பாக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள்.

கனி ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள், நன்றாக ஓடுவாள். ஓடின அன்று பையன்கள் விசில் அடித்தார்கள். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவள் அதற்குப் பிறகு போகவில்லை. நீலத் தாவணியில் ஒரு மூலை கிழிந்திருந்தது. பிறகு கல்யாணம் கட்டிக்கொண்டு போனவன் அவளை ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டான். சேக்காளிகள் முன்னாலும் கூப்பிட்டான். அந்தப் பெயரை இந்தப் போனில் சொல்லமாட்டேன். அவள் திரும்பி வந்தபோது நான் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பெயர் கல்யாண வீட்டிலேயே என் காதில் விழுந்திருந்தது.

பங்குனி 15, ஞாயிறு

வெயில். தூள் நெடி. முதுகு விண்ணென்று வலிக்கிறது. செக்கர் இந்த வாரம் பத்தில் ஒரு பங்குதான் கழித்தார்.

பங்குனி 26, வியாழன்

காலையில் மறுபடியும் கோடு போட்டார்கள். டாக்டரம்மா புகையிலையைப் பற்றிக் கேட்டபோது கனி வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "பொயிலை தொட்டு ஏழு வாரம் ஆச்சு. தூளும் தொடல. எங்கய்யா வாசல்ல நிக்காவ, கேட்டுக்கோங்க. அவ்வொ பொய் சொல்ல மாட்டாவ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். கொஞ்சம் முன்னால்தான் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தேன், இரண்டு தரம்.

உள்ளே கொண்டுபோனபோது பத்து மணி வெயில் வராந்தாவில் இருந்தது. வெளியே கொண்டுவந்தபோது அது எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. கண்ணை மூடித்தான் இருந்தாள். உதடு காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ எடுத்ததாக டாக்டரம்மா சொன்னார். கோமு, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டாள். நான் கேட்கவில்லை. கழற்றி வைக்க முடியாத ஒன்றே முக்கால் கிலோ எவ்வளவு என்று சுமை தூக்கினவனுக்குத் தெரியும்.

பங்குனி 27, வெள்ளி

காய்ச்சல் இல்லை. அரை இட்லி. பக்கத்துக்கு ஒரு குழாய் விட்டு ரத்தநீரைக் குப்பியில் பிடிக்கிறார்கள். நாளைக்கு எடுத்துவிடுவார்களாம். வலி இருக்கிறது, கக்கத்தில் இழுக்கிறதாம்.

கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டுவரச் சொல்லிக் கோமுவை அனுப்பினேன். காலையில் எழுந்து உட்கார்ந்ததும் பின்னால் சாய்ந்துவிடப் பார்த்தாளாம். முன்னால் இழுக்கிற பாரம் இல்லாமல் உடம்புக்குப் பிடிபடவில்லை. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாளாம்.

பங்குனி 30, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. மல்லாந்துதான் படுக்கவேண்டும், முதுகுக்குத் தலையணை. இரவும் பகலும் இறுக்கமான உள்பாடி. கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கோமுதான் தலை வாரிவிடுகிறாள். நிறம் மாறினாலோ, சூடாகச் சிவந்தாலோ, நாற்றம் வந்தாலோ தாமதிக்காமல் வரவேண்டும்.

தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். கழுத்தில் கட்டு எங்கே என்று ஒருத்தி கேட்டாள். உள்ளுக்குள்ளே தைத்துவிட்டார்கள் என்றேன். கனி சுவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

சித்திரை 8, செவ்வாய்

இடது பக்கம் அடியில், இரண்டு தையலும் சேர்கிற இடத்தில் வாய் விட்டிருக்கிறது. நேற்று உள்பாடியில் ஈரம் கண்டு கோமு பார்த்திருக்கிறாள். முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனோம். வழியெல்லாம் நான் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

காம்புக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, கருக்கவில்லை, பயமில்லை என்றார் டாக்டரம்மா. அந்த முக்கில் இப்படித் திறப்பது சிலருக்கு நடக்கும், தானாக உள்ளிருந்து ஆறிவரும். அதுவரை அன்றாடம் உப்புத்தண்ணியில் துடைத்து மருந்துத் துணி வைத்து ஒட்டவேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது.

வீட்டில் யாராவது புகையிலை வைத்திருக்கிறீர்களா என்று ஜெபராணி சிஸ்டர் கேட்டார். கனி, "யாரும் இல்ல சிஸ்டர்" என்றாள். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் பீடித் தட்டையும் தூளையும் கோமு வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இனிமேல் அங்கே போய்ச் சுற்றிக்கொள்கிறேன். கொட்டகையைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். செய்ய வேண்டியது வேறும் ஒன்று இருந்தது. அலுப்பாக இருந்தது, படுத்துவிட்டேன்.

சித்திரை 11, வெள்ளி

சோதனைக்கு அனுப்பின சதையில் எந்தக் குறையும் இல்லை என்று போன் வந்தது. கனி கஞ்சி குடித்தாள், துவையலோடு.

சித்திரை 13, ஞாயிறு

கோமு குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டாள், பேரனுக்கு மொட்டை. விடியுமுன் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போகிறேன் என்றவளை வேன்காரன் அவசரப்படுத்திக் கூட்டிப்போய்விட்டான். நாளைக்குத்தான் வருவாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கட்டுக் கட்டுகிற இடம் திறக்காது.

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "கழுத்துன்னு சொல்லி வச்சிருக்கியள்லா. எதக் காட்ட?" என்றாள் கனி.

அவளே செய்து பார்த்தாள். அடியில் இருப்பதால் குனிந்தாலும் தெரியவில்லை. கண்ணாடியை ஒரு கையில் பிடித்தால் ஒட்ட மறுகை போதவில்லை. உள்ளே துணி கீழே விழுகிற சத்தம் இரண்டு மூன்று தரம் கேட்டது. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"யய்யா. இங்க வாங்க."

போகவில்லை. நாளைக்குக் கோமு வந்துவிடுவாள் என்றேன்.

"ஒரு நாளும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. வாங்க."

சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு போனேன். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போயி இன்னொருக்கக் கழுவிட்டு வாங்க. வாயையும் கழுவுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்றாடம் சொல்லி அலுத்த மாதிரி சொன்னாள். இத்தனை நாளும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கழுவினேன். இடுப்பு மடிப்பில் இருந்த புகையிலையை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். கோமுவின் மருமகள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

திரும்பிப் போனபோது மேலெல்லாம் துண்டால் மூடி அந்த ஓரத்தை மட்டும் விலக்கிப் பிடித்திருந்தாள். கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். துணி வேறெங்கோ போய் ஒட்டியது. பிய்த்தபோது அவளுக்கு வலித்தது.

"கண்ண மூடிக்கிட்டா ஒட்டுதிய? தொறங்கய்யா. ஒங்க மகதான. பாத்து ஒட்டுங்க."

திறந்தேன். புண்தான். வேறு என்ன இருக்கும் என்று நினைத்தேனோ தெரியவில்லை. புளியங்கொட்டை அளவு, அடியில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் புதுத்தோல் வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணியில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். துணியை மடித்து வைத்து நான்கு ஓரமும் ஒட்டினேன்.

"கருப்பா இருக்கா?" என்று கேட்டாள். அவளால்தான் பார்க்க முடியாதே.

"இல்லம்மா. செவப்பா இருக்கு. சதை வளருது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் துண்டை இழுத்து மூடிக்கொண்டு, நாளைக்குக் கோமு அத்தை வந்தாலும் நீங்களே மாற்றிவிடுங்கள், அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றாள்.